பதினேழாம் ஓட்டம்

அபிஷேகப்பட்டியில் கரண்டு திரும்பி வரும்போது
மின்விசிறி ஒருமுறை இருமும்.
அதைக் கேட்டுத்தான் நைட்ரஜன் சிலிண்டரைத் திறப்பேன்.

மூன்று மில்லிகிராம் அம்மோனியம் பெர்குளோரேட்.
மூக்குப்பொடி போடுகிறவர்
விரலில் ஒட்டியதைத் தட்டிவிடுவாரே, அவ்வளவு.
அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு
செங்கல் நிறத்தில் என் துத்தநாக ஃபெர்ரைட்.
நான்கு உளுந்து போட்டால் நிறைந்துவிடும் அலுமினாக் கிண்ணம்.
நிமிடத்துக்குப் பத்து டிகிரி ஏறும்.
வெளியே சித்திரைக்கு இதைவிட அவசரம்.

இருநூற்று நாற்பத்து மூன்றில்
கோடு ஒரு பள்ளத்தில் இறங்கும்.
எடை குறையாது, புகை இல்லை.
படிகம் உள்ளுக்குள் புரண்டு படுக்கிறது.
எதைச் சேர்த்தாலும் அந்தப் பள்ளம் நகர்ந்ததில்லை.
அதற்குப் பிறகுதான் என் வேலை.

பணகுடியில் எங்கள் தெருவுக்கு நான்
ராக்கெட்டுக்கு மருந்து இடிக்கிற பிள்ளை.
மகேந்திரகிரியில் எஞ்சினைச் சோதிக்கும் ராத்திரி
அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் தமக்குள் பேசும்.
"உன்னுதாளா?" என்பார் எதிர்வீட்டு ஞானசிகாமணி.
இல்லை, அங்கே எரிவது திரவம், என்னுடையது உப்பு என்பேன்.
"எல்லாம் ஒண்ணுதாம்ளா."
கதவைச் சாத்திக்கொள்வார்.

வினையூக்கி தான் மாறாமல் பிறவற்றை மாற்றும் என்று
பன்னிரண்டாம் வகுப்பில் எழுதி
இரண்டு மார்க் வாங்கினேன்.
திருப்பிக் கொடுக்கலாமென்றால் யாரிடம்?
நானூறு டிகிரிக்கு அப்புறம்
மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன்:
மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி,
தடித்து, துளைகள் அடைபட்டு.
இரண்டாம் முறை அதே வேலையை
அத்தனை ஆசையாய் அது செய்வதில்லை.

மாசியில் வந்தது பதினேழாம் ஓட்டம்.
முந்நூற்று எழுபதில் உடையவேண்டியது
முந்நூற்று முப்பத்தொன்றில் உடைந்தது.
கோடு, பாணதீர்த்தம் மாதிரி, நேராகக் கீழே.
கைதட்ட ஆளில்லை.
இசக்கியப்பன் அண்ணன்
சிலிண்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே வழிகாட்டிக்குப் படம் அனுப்பினேன்.
கட்டுரைக்குத் தலைப்பு எழுது என்றார், எழுதினேன்.
அப்புறம் பதினெட்டு: முந்நூற்று அறுபத்தெட்டு.
பத்தொன்பது: முந்நூற்று அறுபத்தொன்பது.
இருபது, இருபத்தொன்று, கரண்டு போனது, இருபத்திரண்டு.
பதினேழு திரும்பி வரவில்லை.

தண்ணீரைச் சந்தேகித்தேன்.
எங்கள் ஆற்றின் பெயரில் தாமிரம் இருக்கிறது.
தண்ணீரில் அளந்து பார்த்தேன்,
கருவி காட்டும் எல்லைக்கும் கீழே.
தராசைச் சந்தேகித்தேன், நைட்ரஜன் விற்ற கம்பெனியை,
ஒருநாள் முழுக்க என் கைகளை.

பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம்
மேலப்பாளையத்து மீரான் லெப்பை
அகேட் கல்வத்தை இரவல் கேட்டு வந்தான்.
"போன தடவை சரியாக் கழுவாமத் தந்துட்டேங்க்கா,
காப்பர் ஆக்சைடு. கோவப்படாதீங்க."

கல்வத்தின் அடியில் ஒரு கீறல்.
லென்ஸ் வைத்துப் பார்த்தால்
கீறலுக்குள் இன்னும் கொஞ்சம் கறுப்பு.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அப்புறம் வரவில்லை.

வழிகாட்டிக்கு நான்கு வரிக் கடிதம்.
மூன்றுமுறை மன்னிக்கவும் என்று எழுதி
மூன்றையும் அழித்தேன்.
கல்வம் கழுவப்படவில்லை என்பது ஒரு தகவல்.
அவர் கேட்டது ஒன்றுதான்: "தாமிரம் எவ்வளவு?"

அதுதான் தெரியவில்லை.
அரை சதவீதம் வேண்டுமென்றே சேர்த்தேன்,
முந்நூற்று நாற்பத்தாறு.
ஒன்று சேர்த்தேன், முந்நூற்று முப்பத்தொன்பது.
இரண்டு சேர்த்தேன், மறுபடி நாற்பதுக்கு ஏறியது.
தெரியாமல் செய்ததற்கும் தெரிந்து செய்வதற்கும் நடுவே
எட்டு டிகிரி.

மீரானுக்குப் புதுக் கல்வம் வாங்கிக் கொடுத்தாயிற்று.
இந்தக் கீறல் எனக்கு வேண்டும்.

மின்விசிறி இருமுகிறது.
முப்பத்தெட்டாம் ஓட்டம்.
நூறு. நூற்றைம்பது. கிண்ணத்தில் சத்தமில்லை.
இருநூற்று நாற்பத்து மூன்று, பள்ளம்,
படிகம் புரண்டு படுக்கிறது.
இதுவரைக்கும் எல்லாம் சரி.